மார்த்தாவின் பெட்டி

அன்புள்ள ஐயா,

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், 1671-ல் மார்த்தா எட்லின் என்ற சிறுமி பட்டு நூலால் பூவேலை செய்த பெட்டியைப் பார்த்தேன். ஏழு நற்குணங்களும் அதில் பெண் உருவங்கள். பதினொரு வயதுப் பிள்ளையை உட்காரவைத்து நீதி, தன்னடக்கம் என்று தைக்கவைத்தது அவளை அடக்கத்தானே? ரசிக்க மனம் வரவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அடக்கத்தான், சந்தேகமில்லை. மார்த்தா எட்டு வயதில், தையல் வகைகளைப் பழகும் மாதிரித் துணியை வண்ணப்பட்டில் தைத்தாள். ஒன்பதில் வெள்ளை நூல் வேலை, அப்புறம் இந்தப் பெட்டி. வசதியான வீட்டுப் பெண்ணுக்கு அன்று இதுதான் படிப்பு. உருவங்களும் அச்சுப்படங்களில் இருந்து வந்தவை: நங்கூரம் என்றால் நம்பிக்கை, தராசும் வாளும் நீதி, கண்ணாடியும் பாம்பும் விவேகம்.

ஆனால் அந்தக் காலத்துப் புடைப்பு வேலையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ('ஸ்டம்ப்வொர்க்' என்பது 19ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்ட பெயர்.) நாம் கல்லில் பார்க்கும் புடைப்புச் சிற்பம்தான், சாட்டின் துணியில். அடியில் கம்பளியோ குதிரைமுடியோ திணித்து உருவத்தை மேடாக்குவார்கள். சிலவற்றில் கைகள் மரத்தில் செதுக்கியவை. உடைக்கு நம் தையல்காரர் காஜா எடுக்கிற அதே தையல். ஆனால் ஊசி அடித்துணியைக் குத்தாது, முந்தின வரிசை நூலைப் பிடித்தே ஏறும். அதனால் சில பெண்களின் பாவாடை தனியாக நிற்கும், ஓரத்தை விரலால் தூக்கலாம். (கண்ணாடிக்குள் இருப்பதால் உங்களால் முடியாது, நல்லவேளை.) பக்கத்திலேயே மனுஷி தலையளவுக்கு ஒரு கம்பளிப்புழு ஊரும். தராசைவிடப் புழுவைத்தான் ஆசையாகத் தைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

மான்செஸ்டர் விட்வொர்த் கலைக்கூடத்தில் ஹன்னா ஸ்மித் என்ற இன்னொரு சிறுமியின் பெட்டி இருக்கிறது. அதில் அவள் தைத்தது பைபிளின் யாகேலை. தூங்குகிற எதிரிச் சேனாபதி சிசெராவின் தலையில் கூடார ஆணியை அடித்து இறக்கியவள். இதுவும் நல்ல பெண்ணுக்கு உதாரணம் என்றுதான் கொடுத்திருப்பார்கள்!

அந்தப் பெட்டிக்குள் ஹன்னா 1657-ல் எழுதிய சீட்டு ஒன்று உண்டு. 1654-ல் ஆக்ஸ்போர்டு போனபோது எனக்குக் கிட்டத்தட்ட 12 வயது, பெட்டிக்கான தையலை அங்கேதான் முடித்தேன், 1656-ல் லண்டனில் பெட்டியாகச் செய்தார்கள் என்று கணக்குச் சொல்கிறாள். என் திருப்திக்காகவும், இதைப் பற்றி விசாரிக்கப் போகிறவர்களுக்காகவும் எழுதிவைத்தேன் என்று முடித்து, கீழே தன் பெயரைப் போட்டிருக்கிறாள்.

அன்புடன்.