வாசகர் கேள்வி – பதில்: பில்லில் யார் பெயர் இருக்கிறது?

கேள்வி: வணக்கம் ஐயா. தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டிக்கொண்டிருந்த எங்கள் குடும்பம், தோட்டம் கைமாறியதும் பத்தாங் பெர்ஜுந்தையில் (இன்றைய பெஸ்தாரி ஜெயா) ஒரு மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. என் கணவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். 74 வயதான மாமியாரும் இரண்டாம் படிவம் படிக்கும் மகளும் என்னுடன் இருக்கிறார்கள். காலையில் இட்லியும் நாசி லெமாக்கும் செய்து விற்கிறேன். அதற்காக ஒரு பழைய ஃப்ரீசரை வாங்கிப் போட்டேன். முன்பு 80 வெள்ளி (ரிங்கிட்) அளவில் வந்துகொண்டிருந்த மின்சார பில் இப்போது 150 வெள்ளியைத் தாண்டுகிறது. மூன்று மாதப் பாக்கி சேர்ந்து, இணைப்பைத் துண்டிக்கப் போவதாக நோட்டீஸும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு மின்சார பில்லில் மாதந்தோறும் 40 வெள்ளி கழிகிறது. என் குடும்பமும் ஏழைக் குடும்பங்களுக்கான அரசுப் பட்டியலான இ-காசேயில் பதிவாகியிருக்கிறது. ஆனால் ஒரு காசும் கழியவில்லை. நான் யாரைப் போய்ப் பார்ப்பது?
– ஒரு வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: அம்மா, யாரையும் பார்க்கக் கிளம்புவதற்கு முன் பில்லைக் கையில் எடுத்து, மேலே யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். மூன்று ஆண்டுகளாகியும் உங்கள் கணவரின் பெயரே அங்கு இருக்குமானால், அந்த 40 வெள்ளி உங்களை வந்து சேராததற்குக் காரணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். இந்தக் கழிவு வீட்டைப் பார்த்து வருவதில்லை. மின்சாரம் வழங்கும் தெனாகா நேஷனல் நிறுவனத்தில் இருக்கும் மின்கணக்கையும், இ-காசே பட்டியலில் இருக்கும் குடும்பத் தலைவரின் அடையாள அட்டை எண்ணையும் பொருத்திப் பார்த்து வருகிறது. ஒரு பக்கம் இறந்தவர் பெயரும் மறு பக்கம் உங்கள் பெயரும் இருந்தால் இரண்டும் பொருந்தாது. இரண்டு பக்கமும் அவர் பெயரே இருந்தாலும், அவர் காலமான செய்தி பதிவாகும் நாளில் கழிவு நின்றுபோகும். தோட்டத்தில் வீடும் விளக்கும் கிராணியின் (தோட்ட எழுத்தரின்) பேரேட்டில் இருந்த காலத்தில் நாம் இதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. வெளியே வந்த பிறகும் பல குடும்பங்களில் தண்ணீர் பில், மின்சார பில், வீட்டு வரி எல்லாம் மறைந்தவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. பணம் கட்டும் வரையில் அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதால், உதவி கேட்கும் நாளில்தான் அது குறுக்கே வந்து நிற்கிறது.

இ-காசேயில் பதிவாகியிருப்பது ஒன்று, அதில் எந்தப் பிரிவில் இருக்கிறீர்கள் என்பது மற்றொன்று. மாதம் 40 வெள்ளி வரையிலான மின்கட்டணக் கழிவு, மலாயில் ‘மிஸ்கின் தெகார்’ என்று சொல்லப்படும் பரம ஏழைக் குடும்பங்களுக்கானது. 2022ஆம் ஆண்டின் கணக்குப்படி நாட்டின் சராசரி வறுமைக்கோட்டு வருமானம் ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,589 வெள்ளி. பரம ஏழைகளைக் குறிக்கும் கோடு உணவுச் செலவை மட்டும் கணக்கில் கொள்வதால் இதைவிட வெகுவாகத் தாழ்ந்தது. கணவர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த நாளில் எடுத்த விவரம் அப்படியே பட்டியலில் இருந்தால், நீங்கள் இன்னும் மேல் பிரிவில் இருப்பதாகவே கணினி காட்டும். கோலசிலாங்கூர் மாவட்ட அலுவலகத்துக்குச் சென்று விவரத்தைப் புதுப்பித்துத் தரும்படி கேளுங்கள். கணவரின் இறப்புச் சான்றிதழ், வீட்டில் உள்ள அனைவரின் அடையாள அட்டை அல்லது பிறப்புப் பத்திரம், மகளின் பள்ளி விவரம், உங்கள் வியாபாரத்தில் கைக்கு நிற்கும் வருமானத்தை உள்ளபடி எழுதிய ஒரு தாள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். இட்லி விற்று வரும் மொத்தப் பணத்தை வருமானமாகச் சொல்லிவிடாதீர்கள். அரிசி, உளுந்து, தேங்காய், கேஸ் போக மிஞ்சுவதுதான் வருமானம். விண்ணப்பங்களை மாவட்ட அளவில் ஒரு குழு சரிபார்த்த பிறகே பிரிவு முடிவாகும் என்பதால், இது இந்த மாத பில்லுக்கு உதவும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எனவே நோட்டீஸை முதலில் தீர்க்க வேண்டும். ‘கெடாய் தெனாகா’ முகப்பிடத்துக்கு நேரில் போய், பாக்கியைத் தவணையாகப் பிரித்துக் கட்ட அனுமதி கேளுங்கள். வெறுங்கையோடு போகாமல் முடிந்த அளவு ஒரு தொகையைக் கட்டிவிட்டுக் கேட்பது நல்லது. நோட்டீஸில் குறித்த நாளுக்கு முன்பே போவது அதைவிட நல்லது. ஒப்புக்கொண்ட தவணையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதே முகப்பிடத்தில், அதே நாளில், கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றுவது பற்றியும் பேசிவிடுங்கள். பாக்கியுள்ள கணக்கைக் கைமாற்றுவது எளிதன்று. புதிய கணக்குக்கு ஏறத்தாழ இரண்டு மாத பில்லுக்கு ஈடான முன்பணமும் கேட்பார்கள். கணவர் கட்டிய பழைய முன்பணம் அவர் கணக்கில் இருக்கும் என்பதால், அதை எப்படிச் சரிக்கட்டலாம் என்று கேட்கத் தயங்க வேண்டாம். நேரில் போக முடியாத நாளில் 1-300-88-5454 என்ற எண்ணில் பேசலாம். ஆனால் தவணை, பெயர் மாற்றம் இரண்டும் தாளோடு நேரில் பேச வேண்டிய விவகாரங்கள் என்பது என் கருத்து.

இப்போது அந்த ஃப்ரீசருக்கு வருவோம். கழிவைவிட உங்களுக்கு அதிகப் பணத்தை மிச்சப்படுத்தக்கூடிய இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் வீட்டு மின்கட்டணம் கணக்கிடும் முறை மாறிவிட்டது. 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு மின்சாரத்துக்கு 27.03 காசு, கொள்திறனுக்கு 4.55 காசு, கம்பிவழி வலையமைப்புக்கு 12.85 காசு என்று ஒரு யூனிட்டுக்கு மொத்தம் 44.43 காசு ஆகிறது. 1,000 யூனிட் வரை பயன்படுத்துவோருக்கு அதிலிருந்து சிக்கன ஊக்கத்தொகை என்று ஒரு பகுதி கழிக்கப்படுகிறது. 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 காசு கழியும். பயன்பாடு ஏற ஏறக் கழிவு சுருங்கிக்கொண்டே போகும். முன்பிருந்த முறையில் முதல் 200 யூனிட்டுக்கு ஒரு விலை, அடுத்த 100க்கு வேறொரு விலை என்று படிப்படியாக ஏறும்; கூடுதலாக எரித்த யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை. இப்போதோ எந்தப் படியில் போய் நிற்கிறீர்களோ, அந்தப் படியின் கழிவு முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

உங்கள் வீட்டுக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 80 வெள்ளி பில் என்றால் நீங்கள் சுமார் 340 யூனிட் எரித்திருப்பீர்கள். அந்தப் படியில் கழிவு 21 காசு, ஆகவே யூனிட் 23.43 காசு, மொத்தம் 79 வெள்ளி 66 காசு. ஃப்ரீசர் வந்த பிறகு 470 யூனிட் ஆகியிருந்தால் அந்தப் படியில் கழிவு வெறும் 12 காசு, யூனிட் 32.43 காசு, மொத்தம் 152 வெள்ளி 42 காசு. கூடுதலாக எரிந்தது 130 யூனிட்தான், ஆனால் கூடுதலாகக் கட்டுவது 72 வெள்ளிக்கு மேல்! வேறு விதமாகச் சொன்னால், அந்த ஃப்ரீசர் இழுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நீங்கள் 56 காசு கொடுக்கிறீர்கள். (300 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்குப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்காக 1.6 விழுக்காடு தனியே சேரும். அதை இங்கே விட்டுவிட்டேன்.) கதவின் ரப்பர் வெடித்து, உள்ளே பனி மலைபோல் கட்டி, மோட்டார் ஓயாமல் ஓடும் ஒரு பழைய ஃப்ரீசர் ஒரு நாளைக்கு நான்கு யூனிட்டுக்கு மேல் இழுப்பது சாதாரணம்.

இது ஃப்ரீசர்தானா என்பதை ஒரே இரவில் கண்டுபிடித்துவிடலாம். இரவு பத்து மணிக்கு மீட்டர் எண்ணைக் குறித்து, காலை ஐந்து மணிக்கு மீண்டும் குறியுங்கள்; மறுநாள் இரவு, உள்ளே பொருள் இல்லாதபோது, ஃப்ரீசரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதே நேரங்களில் குறியுங்கள். உங்கள் வீட்டுக்கு ஸ்மார்ட் மீட்டர் மாட்டியிருந்தால் தெனாகாவின் மைடிஎன்பி கைப்பேசிச் செயலியிலேயே நாள்வாரிப் பயன்பாடு தெரியும். மகளிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் காட்டிவிடுவாள். கதவு ரப்பரை மாற்றிப் பனியைக் கரைத்த பிறகும் 350 யூனிட்டுக்குள் இறங்கவில்லை என்றால், அந்த ஃப்ரீசரை விற்றுவிட்டுச் சிறியதாகப் புதியது ஒன்று வாங்குவதே இலாபம். 350 என்ற எண்ணை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: 350 யூனிட்டுக்கு 82 வெள்ளி, 351 ஆனால் 96 வெள்ளி 28 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்குப் பதினான்கு வெள்ளி. மாதக் கடைசியில் மீட்டரை எட்டிப் பார்க்கும் பழக்கம் நம் வீடுகளுக்கு வர வேண்டும்.

மாமியாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறுபது வயதைக் கடந்து, வருமானமும் தாங்குவதற்கு வசதியான பிள்ளைகளும் இல்லாதவர்களுக்குச் சமூகநல இலாகா வழங்கும் முதியோர் உதவித்தொகை 2025 முதல் மாதம் 600 வெள்ளி. அது ரொக்கமாக வருவதால் மின்கட்டணத்துக்கும் உதவும். மைகார்டில் (அடையாள அட்டையில்) வரவு வைக்கப்படும் அரசின் ‘சாரா’ உதவி அப்படியன்று. அதை வைத்துக் கடையில் அரிசியும் எண்ணெயும் வாங்கலாமே தவிர பில் கட்ட முடியாது. அரிசிக்கு ஒதுக்கிய காசை பில்லுக்குத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலும் கேட்டுப் பார்க்கலாம். அங்கே கிடைப்பது பெரும்பாலும் ஒரு முறைக்கான உதவி, சில வேளைகளில் ஒரு புகைப்படத்தோடு. பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட அதை ஒரு காரணமாக்கிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: நாங்கள் இன்னும் தோட்டத்து லயத்தில்தான் இருக்கிறோம். தெனாகா பில் எங்களுக்கு வருவதில்லை. நிர்வாகமே மீட்டர் பார்த்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறது. எங்களுக்கும் 40 வெள்ளிக் கழிவு கிடைக்குமா? மின்சாரத்தை இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டம் இருப்பதாகச் சிலர் சொல்கிறார்களே?
– செம்பனைத் தோட்டத் தொழிலாளி, கோலசிலாங்கூர் வட்டாரம்

பதில்: உங்கள் பெயரில் தெனாகா கணக்கே இல்லாதபோது கழிப்பதற்கு இடமில்லை, உங்களைப் போன்றோர் இந்தத் திட்டத்தின் வலையிலிருந்து நழுவிவிடுவது உண்மையிலேயே வருத்தத்துக்குரியது. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் நண்பர்கள் குறிப்பிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அது குழாய்நீரை இலவசமாகவும் போதிய அளவிலும் தர வேண்டும் என்கிறது. மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போது போதிய அளவு என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஆகவே கட்டணம் வாங்குவதே தவறு என்று வாதாடுவது கடினம். சம்பளத்தில் எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதுதான் நீங்கள் கேட்கக்கூடிய கேள்வி. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆவது பிரிவின்படி, முதலாளி வழங்கும் தங்குமிடம், சேவைகள் போன்றவற்றுக்காகச் சம்பளத்தில் பிடிப்பதற்குத் தொழிலாளி எழுத்துமூலம் கேட்டிருக்க வேண்டும். தொழிலாளர் இலாகாவின் முன் அனுமதியும் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் எத்தனை யூனிட், யூனிட் என்ன விலை என்று தனித்தனியாகக் காட்டும்படி கேளுங்கள். காட்டிய விலையை மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, இடைவெளி பெரிதாக இருந்தால் சங்கத்தின் மூலமாகவோ நேரடியாகவோ தொழிலாளர் இலாகாவுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: 300 வெள்ளி கொடுத்தால் மீட்டரை ‘மெதுவாக்கி’த் தருவதாக ஒருவர் எங்கள் தாமானில் வீடு வீடாக வருகிறார். அக்கம்பக்கத்தில் இருவர் செய்துகொண்டார்கள். அதனால் ஆபத்து ஏதும் உண்டா?
– பெயர் வேண்டாம்

பதில்: உண்டு, அதுவும் முழுக்க உங்களுக்குத்தான். மீட்டரில் கை வைப்பது 1990ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டத்தின்படி குற்றம்; கண்டுபிடித்தால் இணைப்பைத் துண்டிக்கலாம், எரித்தும் பதிவாகாத யூனிட்டுகளுக்குப் பின்தேதியிட்டு ஒரே பில்லாக அனுப்பலாம். அந்த பில் வரும்போது 300 வெள்ளி வாங்கியவர் அடுத்த ஊரில் இருப்பார்; தாளில் அச்சாகியிருப்பது கணக்கு வைத்திருப்பவரின் பெயர் மட்டுமே. நீங்கள் வாடகைக்குக் குடிவந்தவராக இருந்து, முன்பு இருந்தவர் இப்படிச் செய்திருப்பாரோ என்ற ஐயம் இருந்தால், மீட்டரைத் தொடாமல் தெனாகாவுக்குத் தகவல் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். தகவல் கொடுத்த நாளையும் புகார் எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.