வீணடித்தது யார்?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹாக்கியில் அதிகப் புள்ளி எடுத்த மேகன் அகோஸ்டா, கடைசியில் வான்கூவரில் போலீஸ் வேலைக்குப் போய்விட்டாராமே! இவ்வளவு திறமையையும் இப்படி வீணடிக்கலாமா? அவர் சாதனையை யாராவது முறியடித்துவிட்டார்களா?
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: கோவில்பட்டியிலிருந்தா இந்தக் கேள்வி? ஹாக்கி மட்டை பிடித்த பையனுக்கு ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை கிடைத்தால் ‘செட்டில் ஆகிவிட்டான்’ என்று தெருவுக்கே ஸ்வீட் கொடுப்போம். கனடாக்காரிக்குக் கிடைத்தால் மட்டும் வீணா?

சரி, முதலில் கணக்கைப் பார்ப்போம். ஐஸ் ஹாக்கியில் கோல் போட்டாலும் ஒரு புள்ளி, கோலுக்கு வழி செய்யும் பாஸ் கொடுத்தாலும் ஒரு புள்ளி. பென்சில்வேனியாவின் ஈரி நகரில் உள்ள மெர்சிஹர்ஸ்ட் கல்லூரிக்காக 2006 முதல் 2011 வரை ஆடிய அகோஸ்டா போட்டது 157 கோல். உதவியது 146. மொத்தம் 303. சராசரியாக ஆட்டத்துக்கு இரண்டு புள்ளிக்கு மேல். ஹார்வர்டின் ஜூலி சூ வைத்திருந்த சாதனை அதோடு போயிற்று.

கல்லூரியில் சேரும்போதே அவர் கழுத்தில் ஒலிம்பிக் தங்கம் இருந்தது. 2006 டூரினில், தன் 19-வது பிறந்தநாளன்று, ரஷ்யாவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தவர் அவர். படிப்புக்கு நடுவே ஒரு சீசனை விட்டுவிட்டு 2010 வான்கூவர் ஒலிம்பிக்குக்குப் போனார்: ஐந்தே ஆட்டத்தில் 9 கோல், தொடரின் சிறந்த வீராங்கனை, இன்னொரு தங்கம். அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் சிறந்த வீராங்கனைக்கான காஸ்மையர் விருது மட்டும் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. அவர் ஆடிய நான்கு சீசனிலும் அது வேறு வேறு ஆளுக்குப் போனது. மெர்சிஹர்ஸ்டும் 2009 தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் விஸ்கான்சினிடம் 5-0 என்று தோற்றது. சாதனைப் புத்தகம் ஒன்று சொல்லும், கோப்பை அலமாரி வேறொன்று சொல்லும்.

இனி உங்கள் ‘வீண்’ விஷயத்துக்கு வருகிறேன். 2011-ல் கனடியப் பெண்கள் ஹாக்கி லீக்கின் டிராஃப்ட்டில், அதாவது அணிகள் புதுமுகங்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தது மான்ட்ரியல் அணி. முதல் சீசனிலேயே 27 ஆட்டத்தில் 80 புள்ளி, சாம்பியனுக்கான கிளார்க்சன் கோப்பையும் கையில். சம்பளம் எவ்வளவு தெரியுமா? பூஜ்யம். அந்த லீக் அதுவரை வீராங்கனைகளுக்குச் சம்பளமே கொடுத்ததில்லை. அதே 2011-12 சீசனில் ஆண்களின் என்எச்எல்-லில் பெஞ்சு தேய்க்கிற ஆளுக்கும் குறைந்தபட்சம் 5,25,000 அமெரிக்க டாலர். பெண்கள் லீக் பணம் கொடுக்கத் தொடங்கியது 2017-ல். அதுவும் ஒரு சீசன் முழுவதற்கும் 2,000 முதல் 10,000 டாலர்தான். 2019-ல் லீக்கையே மூடிவிட்டார்கள்.

இப்போது சொல்லுங்கள், வீணடித்தது யார்?

அகோஸ்டா கல்லூரியில் படித்ததே குற்றவியல் நீதி. அப்புறம், எந்த நகரத்தில் 9 கோல் அடித்தாரோ அதே வான்கூவரின் காவல்துறையில் சேர்ந்தார். சேர்ந்ததும் ஹாக்கிக்கு முழுக்குப் போட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். வேலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு 2018 பியோங்சாங் ஒலிம்பிக்குக்குத் தயாரானார். அமெரிக்காவுடனான இறுதி ஆட்டம் சமநிலையில் நின்று, ஒவ்வொருவராகத் தனியே கோல்கீப்பரை எதிர்கொள்ளும் ஷூட் அவுட்டுக்குப் போனது. ஐந்து சுற்றிலும் முடிவில்லை. ஆறாவது சுற்றில் ஜோஸ்லின் லமூரூ அமெரிக்காவுக்கு கோல் போட்டுவிட, கனடாவின் கடைசி வாய்ப்போடு சறுக்கி வந்தவர் அகோஸ்டா. கோல்கீப்பர் மேடி ரூனி தடுத்துவிட்டார். 2014 ஒலிம்பிக்கையும் சேர்த்து மூன்று தங்கத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளி. 31 வயதில், போலீஸ் வேலையும் பார்த்துக்கொண்டு, நாட்டின் கடைசி ஷாட்டை அடிக்கும் இடத்தில் இருந்தவரை வீணாய்ப்போனவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெண்களுக்கு ஓரளவு ஒழுங்கான சம்பளம் தரும் பிடபிள்யூஎச்எல் லீக் 2024 ஜனவரியில்தான் வந்தது. அகோஸ்டாவுக்கு அப்போது வயது 37-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது.

சாதனையைக் கேட்டீர்களே, அது இன்னும் அப்படியே இருக்கிறது. மிக அருகில் வந்தவர் டேரில் வாட்ஸ். பாஸ்டன் காலேஜ், விஸ்கான்சின் இரண்டுக்கும் சேர்த்து ஐந்து சீசன் ஆடி 297-ல் நின்றுவிட்டார். அவர் பின்பு அந்தப் புது லீக்கில் சேர்ந்தார். சம்பளத்தோடு.