செட்டில்மென்ட் முடிந்தது… சிபில் எப்போது சரியாகும்?
வாசகர் கேள்வி – பதில்

தனிநபர் கடனில் 4,20,000 ரூபாய் பாக்கி நின்றபோது, 2,30,000 ரூபாய் கட்டினால் போதும் என்று வங்கி செட்டில்மென்ட் கொடுத்தது. மூன்று தவணையில் கட்டி முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது பைக் லோன் கேட்டால் ‘சிபில் சரியில்லை’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். கடனைத்தான் முடித்துவிட்டேனே?
– வாசகர், திருப்பூர்

கடன் முடிந்தது உண்மைதான். ஆனால், வங்கி 1,90,000 ரூபாயை விட்டுக்கொடுத்து முடித்திருக்கிறது. அதனால் உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கு ‘குளோஸ்டு’ என்று இல்லாமல் ‘செட்டில்டு’ என்று பதிவாகியிருக்கும். புதிதாகக் கடன் கொடுக்கப்போகிறவர் ஸ்கோரைப் பார்ப்பதற்கு முன்பே இந்த வார்த்தையைத்தான் பார்க்கிறார். ஸ்கோர் 700-ஐத் தாண்டியும் விண்ணப்பம் திரும்பி வருவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

‘ஏழு வருடம் ஆனால் தானாகப் போய்விடும்’ என்று சொல்பவர்கள் உண்டு. தகவலை ஏழு ஆண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்றுதான் 2005-ம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனச் சட்டத்தின் கீழான விதிமுறைகள் சொல்கின்றன. ஏழாம் ஆண்டு முடிந்த மறுநாளே அழித்துவிட வேண்டும் என்று அவை சொல்லவில்லை. செட்டில்மென்ட் கொடுத்த அதே வங்கியில் உடனே கடன் கேட்டுப் பயனில்லை. விவசாயக் கடன் தவிர்த்த மற்றவற்றில், சமரசம் செய்துகொண்டவருக்குக் குறைந்தது 12 மாதங்கள் புதுக் கடன் கொடுக்கக்கூடாது என்பது 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. அந்த இடைவெளியை வங்கி தன் விருப்பப்படி நீட்டிக்கலாம். பல வங்கிகள் நீட்டிக்கவும் செய்கின்றன.

விட்டுக்கொடுத்த 1,90,000 ரூபாயை இப்போது கட்டி, ‘செட்டில்டு’ என்பதை ‘குளோஸ்டு’ ஆக மாற்ற வழி உண்டு. செய்யலாமா என்றால், இரண்டு மூன்று வருடத்துக்குள் வீட்டுக்கடன் வாங்கும் திட்டம் இருந்தால் செய்யலாம். ஒரு பைக்குக்காகச் செய்வது வீண். அந்தப் பணத்தில் பைக்கையே வாங்கிவிடலாம்.

கட்டுவதென்றால் முதலில் கடிதம், பிறகு பணம். எவ்வளவு கட்ட வேண்டும், அதற்கு மேல் வட்டியோ அபராதமோ கிடையாது, கட்டியதும் கணக்கை ‘குளோஸ்டு’ என்றும் பாக்கி பூஜ்யம் என்றும் சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தெரிவிப்போம் என்ற மூன்றும் வங்கியின் லெட்டர்ஹெட்டிலோ அதிகாரபூர்வ மின்னஞ்சலிலோ இருக்க வேண்டும். வசூல் ஏஜென்டின் வாட்ஸ்அப் செய்தி பின்னால் எதற்கும் உதவாது. பணத்தைக் கடன் கணக்கு எண்ணுக்கே செலுத்துங்கள், தனிநபரின் யு.பி.ஐ-க்கு வேண்டாம். வங்கி உங்கள் கடனை வராக்கடனை வாங்கி வசூலிக்கும் ஏதாவது சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றிருந்தால், கடிதமும் ரசீதும் அந்த நிறுவனத்திடமிருந்து வர வேண்டும். இவ்வளவு செய்தாலும், பழைய மாதங்களில் தவணை தவறிய நாள்கணக்கு அழியாது. சிபில் அறிக்கையில் 36 மாதக் கட்டங்கள் வரை தெரியும். புதிய மாதங்கள் சேரச் சேரத்தான் பழையவை பின்னால் நகரும்.

கிரெடிட் கார்டு பாக்கியை செட்டில் செய்து ‘நோ டியூ’ (பாக்கி இல்லை) கடிதமும் வாங்கிவிட்டேன். எட்டு மாதம் கழித்தும் அறிக்கையில் 38,000 ரூபாய் பாக்கி என்று காட்டுகிறது. யாரிடம் முறையிடுவது?
– வாசகி, மதுரை

‘செட்டில்டு’ என்ற குறிப்பை எடுக்கச் சொல்வது வேறு, உங்களுடையது வேறு. இது தவறான தகவல். திருத்தித்தான் ஆக வேண்டும்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் ஆகிய நான்கின் இணையதளங்களிலிருந்தும் முழு அறிக்கையை எடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் இலவசமாகத் தர வேண்டும். பலர் சிபிலை மட்டும் திருத்திவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அடுத்து கடன் கேட்கும் நிறுவனம் எக்ஸ்பீரியனைப் பார்த்து மறுத்துவிடும்.

அந்த கார்டின் கட்டத்தில் ஐந்து இடங்களைப் பாருங்கள்: நடப்பு பாக்கி, தவணை தவறிய தொகை, ரைட்-ஆஃப் தொகை (வராக்கடன் என்று வங்கி தள்ளிவைத்தது), செட்டில்மென்ட் தொகை, கடைசியாகத் தகவல் வந்த தேதி. முதல் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். கடைசித் தேதி நீங்கள் பணம் கட்டிய நாளுக்கு முந்தையது என்றால், வங்கி அதன் பிறகு தகவலே அனுப்பவில்லை என்று பொருள். தேதி பிந்தையதாக இருந்தும் பாக்கி காட்டினால், வங்கியின் கணக்கிலேயே தொகை வரவு வைக்கப்படவில்லை. பெரும்பாலும் செட்டில்மென்ட் பணம் ஏதோ ஒரு பொதுக் கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். இந்த இரண்டாவது வகையில் தகவல் நிறுவனத்திடம் எத்தனை முறை புகார் செய்தாலும் ‘வங்கி உறுதி செய்கிறது’ என்றே பதில் வரும். அங்கே முதலில் வங்கியைத்தான் பிடிக்க வேண்டும்.

செட்டில்மென்ட் கடிதம், பணம் கட்டிய ரசீது, நோ டியூ கடிதம் ஆகிய மூன்றையும் இணைத்து, ஒரே நாளில் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் தகவல் நிறுவனத்துக்கும் புகார் அனுப்புங்கள். அறிக்கையின் அடையாள எண்ணான கன்ட்ரோல் எண்ணைக் குறிப்பிட மறக்காதீர்கள். புகார் செய்த நாளிலிருந்து 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இந்த விதி நடப்பில் இருக்கிறது. முதல் 21 நாள் வங்கிக்கான அவகாசம். வங்கி, தகவல் நிறுவனம் இரண்டில் தன் கெடுவைத் தவறவிட்டது எதுவோ அதுதான் இழப்பீடு தர வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ் என்ற புகார் தளத்தில் ஆம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். வங்கிக்கு எழுதாமல் நேரடியாக அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

45 நாளில் ‘செட்டில்டு’ என்பதை எடுத்துத் தருகிறோம், 15,000 ரூபாய் ஆகும் என்று ஒரு ஏஜென்சி சொல்கிறது. நம்பலாமா?
– வாசகர், சென்னை

கூடாது. கடன் கொடுத்தவர் சொல்லாமல் சிபிலே ஓர் எழுத்தை மாற்ற முடியாது. தவறான தகவலைத் திருத்த நீங்களே இலவசமாகப் புகார் செய்யலாம்; சரியான தகவலை யாராலும் எடுக்க முடியாது. பான், ஆதார், ஓ.டி.பி-யை வேறு கொடுத்துவிடாதீர்கள்.

ஸ்கோரை ஏற்ற டெபாசிட் மீது தரும் கிரெடிட் கார்டு நல்லது என்கிறார்கள். எவ்வளவு டெபாசிட் போடலாம்? நகைக்கடன் வாங்கித் திருப்பினாலும் ஸ்கோர் ஏறுமா?
– வாசகர், தஞ்சாவூர்

செட்டில்மென்டுக்குப் பிறகு கிடைக்கக்கூடிய முதல் கடன் பெரும்பாலும் அந்த கார்டுதான். 20,000 ரூபாய் ஃபிக்ஸட் டெபாசிட் போதும். வங்கியைப் பொறுத்து அதில் 75 முதல் 90 சதவிகிதம் வரை லிமிட் கிடைக்கும். 16,000 லிமிட் வந்தால் மாதம் 3,000, 4,000-க்கு மேல் போகாதீர்கள். மளிகை, பெட்ரோல், மின்கட்டணம் என்று எப்படியும் ஆகிற செலவுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். டெபாசிட்டை, கடன் செட்டில்மென்ட் செய்த வங்கியில் போடாமல் வேறு வங்கியில் போடுவது நல்லது. செட்டில்மென்ட் தவணை இன்னும் பாக்கி இருக்கிறவர்கள் அந்த வங்கியில் சம்பளக் கணக்கும் வைத்திருக்க வேண்டாம். கடனுக்கு ஈடாகப் பணத்தைப் பிடித்துக்கொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு.

இதில் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, ‘மினிமம் டியூ’ எனும் குறைந்தபட்சத் தொகை. அதைக் கட்டினால் தவணை தவறவில்லை என்றுதான் பதிவாகும்; ஆனால் மீதிக்கு ஆண்டுக்கு 36 முதல் 42 சதவிகிதம் வரை வட்டி ஓடும், பாக்கியும் லிமிட்டை நெருங்கும். முழுத் தொகைக்கும் ஆட்டோ-பே போட்டுவிடுங்கள். இரண்டு, ஆண்டுக் கட்டணம். கார்டைப் பயன்படுத்தாத மாதத்தில் 500 ரூபாயும் ஜி.எஸ்.டி-யும் பில்லில் ஏறும். ‘நான்தான் ஒன்றும் வாங்கவில்லையே’ என்று விட்டுவிடுவார்கள். 590 ரூபாய்க்காகத் தவணை தவறியது என்று பதிவாகி, ஆறு மாத உழைப்பு கெட்டுப்போகும்.

வங்கி, நிதி நிறுவனத்தில் வைத்த நகைக்கடன் அறிக்கையில் ஏறும். அடகுக்கடையில் வைத்தால் ஏறாது; சீட்டுப் பணத்தைத் தவறாமல் கட்டினாலும் ஏறாது. அவசரத்துக்கு நகை வைக்கத்தான் வேண்டும் என்றால் வங்கியில் வையுங்கள். ஸ்கோருக்காக மட்டும் நகையை வைத்து வட்டி கட்டுவதில் அர்த்தமில்லை. நகைக்கடனில் கெடு தவறினாலும் ஸ்கோர் இறங்கும். அதற்கு மேல் ஏல நோட்டீஸும் வரும்.

கார்டு வாங்கிய பிறகு குறைந்தது ஒரு வருடம் வேறு எங்கும் விண்ணப்பிக்காமல் இருங்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் ‘என்கொயரி’ என்று பதிவாகிறது. ஆப்களில் ‘உங்களுக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்’ என்று தட்டிப் பார்ப்பதும் சில நேரம் விண்ணப்பமாகவே போய்ச் சேர்கிறது.

வீட்டை அடமானம் வைத்த கடனை செட்டில் செய்து இரண்டு மாதம் ஆகிறது. பத்திரம் இன்னும் வரவில்லை.
– வாசகர், திருச்சி

முழுமையாகக் கட்டி முடித்தாலும் செட்டில்மென்டில் முடித்தாலும், 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். தாமதம் வங்கியால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. 2023 டிசம்பர் 1 முதல் இது விதி. கடைசித் தவணை கட்டிய தேதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். வங்கி ஆவணத்தைத் தொலைத்துவிட்டது என்றால், நகல் எடுத்துத் தர இன்னும் 30 நாள் எடுத்துக்கொள்ளலாம், செலவு வங்கியுடையது.

பத்திரம் கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிடாது. கடன் வாங்கியபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி (பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து அடமானம் வைத்ததற்கான ஆவணம்) பதிவு செய்திருந்தால், அதை ரத்து செய்யும் ரசீதையும் வங்கி அதிகாரி கையெழுத்திட்டுப் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும். வீட்டை விற்கும்போதுதான் அது தெரியவரும். அதற்குள் அந்தக் கிளையில் உங்கள் கோப்பைத் தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

கணவர் பெயரில் ‘செட்டில்டு’ இருக்கிறது. எனக்கு அரசுப் பள்ளியில் வேலை. என் பெயரில் வீட்டுக்கடன் கிடைக்குமா?
– வாசகி, சேலம்

அறிக்கை ஒவ்வொருவருக்கும் தனி. குடும்பத்துக்கு என்று ஒன்று கிடையாது. அந்தப் பழைய கடனில் நீங்கள் கூட்டுக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போட்டிருந்தால் உங்கள் அறிக்கையிலும் அது இருக்கும். முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். சுத்தமாக இருந்தால், உங்கள் சம்பளத்தை வைத்துத் தனியாக விண்ணப்பியுங்கள். மனையும் உங்கள் பெயரில் மட்டும் இருக்கட்டும். கணவர் கூட்டு உரிமையாளராக இருந்தால் அவரையும் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்க்கச் சொல்லி வங்கி கேட்கும், சேர்த்தால் அவருடைய அறிக்கையும் பரிசீலனைக்கு வந்துவிடும். உங்கள் சம்பளத்துக்கு மட்டும் கிடைக்கும் தொகை போதவில்லை என்றால், சம்பாதிக்கும் மகனையோ மகளையோ சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.