வார்டில் சுரங்கக் கதை பேசும் தாத்தாக்கள்: முதலில் பிக் பிட்டுக்குப் போய் வா

பிரிட்டனின் வேல்ஸ் நாட்டில், மெர்தர் டிட்வில் ஊர்ப் பக்கம் மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்திருக்கும் தங்கை ஒருவர் கேட்டிருந்தார்: "வார்டில் பாதிப் பேர் நிலக்கரிச் சுரங்கக் கதைதான் பேசுகிறார்கள். சும்மா தலையாட்டிவிட்டு வருகிறேன். இதைத் தெரிந்துகொள்ள மியூசியம் ஏதாவது இருக்கிறதா? ஏழு வயது மகனைக் கூட்டிப் போகலாமா? இல்லை, முதலில் கார்டிஃப் கோட்டையா?"

என் தங்கை வயதுதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு 'நீ' என்றே எழுதுகிறேன். கோட்டை எங்கேயும் ஓடிப்போகாது. நீ வேலை பார்ப்பது வேல்ஸின் பள்ளத்தாக்குகளில். அங்கே முதலில் பார்க்க வேண்டியது பிளைனாவன் ஊரில் இருக்கும் பிக் பிட்.

அது 1980 வரை நிஜமாகவே நிலக்கரி வெட்டிய சுரங்கம். மூடிய பின், 1983இல் மக்கள் பார்க்கத் திறந்தார்கள். இப்போது வேல்ஸின் தேசிய அருங்காட்சியகங்களில் ஒன்று. தலையில் ஹெல்மெட், அதில் விளக்கு, இடுப்பில் கனமான பேட்டரி, எல்லாம் மாட்டிவிட்டுக் கூண்டு லிஃப்டில் 300 அடி கீழே இறக்குவார்கள். கூட்டிப்போகிறவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவருடைய பேச்சுதான் அங்கே உண்மையான கண்காட்சி. கிண்டலும் கேலியுமாகப் பேசிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொல்வார். கண்ணுக்கு முன்னால் கையைக் கொண்டுவந்தாலும் தெரியாது. அந்த இருட்டில், சுரங்கத்துக்குள் காற்றோட்டத்தைச் சீராக வைக்கும் கதவைத் திறந்து மூடச் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். 1842இல் சட்டம் வந்துதான் பெண்களும் பத்து வயதுக்குக் குறைந்த பையன்களும் நிலத்தடி வேலைக்குப் போவது தடையானது. உன் மகனுக்கு ஏழு வயது என்றாயே, அங்கே நிற்கும்போது உனக்கே தோன்றும்.

மேலே வந்ததும் அவசரமாகக் கிளம்பிவிடாதே. 1939இல் கட்டிய குளியல் கூடத்தைப் பார். அழுக்கு உடைக்கு ஒரு பக்கம், சுத்த உடைக்கு ஒரு பக்கம் என்று லாக்கர் வரிசைகள். அது வருவதற்கு முன் புருஷனும் மகன்களும் கரியோடு வீட்டுக்கு வருவார்கள், அடுப்படித் தகரத் தொட்டியில் குளிப்பார்கள். தண்ணீர் தூக்கிக் காய்ச்சியது வீட்டுப் பெண்கள். கனமான பாத்திரங்களைத் தூக்கியதால் குறைப்பிரசவம் ஆகிறது என்று எலிசபெத் ஆண்ட்ரூஸ் என்ற சுரங்கக் குடும்பத்துப் பெண் 1919இல் அரசு விசாரணைக் குழு முன்னால் சாட்சி சொன்னார். நர்ஸுக்கு இதைவிடப் புரியும் வரலாறு எது?

வார்டில் சில தாத்தாக்களின் கையிலோ நெற்றியிலோ பச்சை குத்தினாற்போல நீலக் கோடு இருப்பதைப் பார்த்திருப்பாய். வெட்டுக்காயத்தில் நிலக்கரித் தூள் சிக்கி, அதன்மேலேயே தோல் மூடிய தழும்பு அது. "அவருக்கு டஸ்ட் இருந்தது" என்று பாட்டி சொன்னால் வீட்டுத் தூசியைச் சொல்லவில்லை, நுரையீரலில் கரித்தூள் படிந்த நிமோகோனியோசிஸைச் சொல்கிறார். பெரியவரின் வாழ்க்கைக் கதையைக் கேட்கும்போது "கரி வெட்டும் முகப்பில் வேலை பார்த்தீர்களா, மேலேயா?" என்று ஒரு வார்த்தை கேள். அப்புறம் அவர் உன்னை விடமாட்டார்.

அதே நேரம், கேட்கக் கூடாத இடமும் உண்டு. மெர்தருக்குப் பக்கத்தில்தான் அபர்வான் கிராமம். 1966 அக்டோபர் 21 காலை, மலைமேல் கொட்டி வைத்திருந்த சுரங்கக் கழிவு சரிந்து பான்ட்கிளாஸ் பள்ளிமேல் விழுந்தது. 116 குழந்தைகள், 28 பெரியவர்கள் இறந்தார்கள். மிஞ்சியிருந்த கழிவுமேட்டை அகற்ற, உலகம் முழுக்க மக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுத்தார்கள். அந்தத் தொகை 1997இல்தான் திரும்பி வந்தது, வட்டி இல்லாமல். அன்று பள்ளிப் பிள்ளைகளாக இருந்து பிழைத்தவர்களுக்கு இப்போது அறுபதுக்கு மேல் வயது. உன் நோயாளிகளிலேயே இருக்கலாம். நீயாக எடுக்காதே. அவர்களாகச் சொன்னால் உட்கார்ந்து கேள். அங்கே நினைவுத் தோட்டம் இருக்கிறது, போகலாம், ஆனால் செல்ஃபி வேண்டாம்.

சுரங்கங்களை மூடுவதை எதிர்த்துத் தொழிலாளர்கள் நடத்திய 1984-85 வேலைநிறுத்தமும் அப்படித்தான். ஒரு வருஷம் சம்பளம் இல்லாமல் நின்றவர்கள். தெற்கு வேல்ஸ் கடைசி வரை உறுதியாக நின்றது, பெண்கள் பொதுச் சமையல் கூடம் நடத்தினார்கள். நடுவில் வேலைக்குத் திரும்பியவர் வீட்டோடு பேச்சு அறுந்துபோன குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் வாய் திறக்காதே.

செங்கெனித் என்ற சுரங்க ஊருக்கும் ஒருநாள் போ. 1913 அக்டோபர் 14 வெடிவிபத்தில் 439 தொழிலாளர்களும் மீட்புக்கு வந்த ஒருவரும் இறந்தார்கள். பிரிட்டனில் அதைவிடப் பெரிய சுரங்க விபத்து இல்லை. மேலாளருக்கு 24 பவுண்டு அபராதம், கம்பெனிக்கு 10. வேல்ஸின் தேசியச் சுரங்க நினைவிடம் 2013இல் அங்கேதான் திறந்தார்கள்.

மகனுக்கு என்று பார்த்தால் கார்டிஃப் பக்கம் செயின்ட் ஃபேகன்ஸ் இன்னும் நல்லது. கட்டடங்களைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டி வைத்த திறந்தவெளி அருங்காட்சியகம். உங்கள் மெர்தரிலிருந்து வந்த ஆறு வரிசை வீடுகள் அங்கே உண்டு. 1805இலிருந்து 1985 வரை ஒவ்வொரு வீடும் ஒரு காலம். ஓக்டேல் சுரங்கத் தொழிலாளர் மன்றமும் இருக்கிறது. இப்படிப்பட்ட மன்றங்களில் நூலகத்தைத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு நடத்தினார்கள். ட்ரெடீகர் ஊரில் அதே மாதிரி காசு சேர்த்து டாக்டர் வைத்துக்கொண்டார்கள். அந்த ஊர்ச் சுரங்கத்தில் பையனாக வேலை பார்த்த அனைரின் பெவன்தான் சுகாதார அமைச்சராகி 1948இல் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையைத் தொடங்கினார். இப்போது உன் சம்பளம் வருவது அதிலிருந்துதான்.

இன்னொன்று: இந்தப் பள்ளத்தாக்குகளில் குடும்ப டாக்டராக வர உள்ளூர் ஆட்கள் தயங்கிய காலத்தில், இந்தியாவிலிருந்தும் பக்கத்து நாடுகளிலிருந்தும் வந்தவர்கள்தான் பல ஊர்களில் கிளினிக் நடத்தினார்கள். பழைய பாட்டிகள் உன்னைப் பார்த்ததும் ஏதோ ஒரு டாக்டர் பெயரைச் சொல்லி "அவர் ஊரா நீ?" என்று கேட்டால் சிரித்துவிடு, அன்பில் கேட்பதுதான்.

சரி, போகும் விஷயம். பிளைனாவனுக்கு வழக்கமான பயணிகள் ரயில் கிடையாது. நியூபோர்ட் போய் பஸ் பிடிக்கலாம், கார் உள்ள தோழி இருந்தால் உத்தமம். கீழே இறங்க ஒரு மீட்டர் உயரமாவது வேண்டும், உன் மகனுக்குப் பிரச்சினை இருக்காது. தீப்பொறி பயத்தால் போன், ஸ்மார்ட் வாட்ச், கார் ரிமோட் சாவி எல்லாவற்றையும் மேலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சேலையும் செருப்பும் வேண்டாம், ஷூவும் ஸ்வெட்டரும் போட்டுக்கொள், கோடையிலும் கீழே குளிரும். கூரை தாழ்வாக இருக்கும், முதுகுவலி இருந்தால் யோசி. நிலத்தடிப் பயணம் எல்லா நாளும் நடக்காது, கிளம்பும் முன் அவர்கள் இணையதளத்தில் நேரமும் கட்டணமும் பார்த்துவிடு.