தலை எந்தப் பக்கம்? – றக்பிப் பயிற்சி பற்றித் திருகோணமலைப் பகுதி ஊர்களிலிருந்து வந்த கேள்வி பதில்

உப்புவெளி: சேர், பதின்மூன்று வயது மகன் நன்றாக ஓடுகிறான், ஆனால் எதிரே வருபவனைப் பிடிக்கப் போனால் கண்ணை மூடிக்கொள்கிறான்.

பதில்: அதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று சொல்லி அவனைக் கூசச் செய்யாதீர்கள், விழத் தெரியாத பிள்ளை கண்ணை மூடத்தான் செய்யும். முதல் இரண்டு வாரங்களுக்கு எதிராளியே வேண்டாம். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் மைதானங்கள் கல்லாய் இறுகிவிடுவதால், நான் பிள்ளைகளைக் கடற்கரை மணலுக்குக் கூட்டிச் சென்று, பந்தை நெஞ்சோடு அணைத்தபடி முழங்கால், இடுப்பு, தோள் என்ற வரிசையில் விழப் பழக்குவேன். கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு முறியலாம். பிறகு முழந்தாளிட்டுப் பிடிக்கட்டும், அடுத்து நடந்து வருபவனை, கடைசியாகத்தான் ஓடி வருபவனை.

பிடிக்கும்போது முன்னங்கால் எதிராளிக்கு அருகில் பதிய வேண்டும். தோள் பட்ட கணமே இரு கைகளும் அவன் தொடையைச் சுற்றி இறுக வேண்டும். தலை அவன் ஓடும் வழியில் குறுக்கிடாமல் பின்புறம் ஒதுங்கி, கன்னம் அவன் பிட்டத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். எட்ட நின்று பாய்பவனுக்குத் தலை தாழ்ந்து கண் தரையைப் பார்க்கும். கழுத்துக்கு ஆபத்து அங்கேதான்.

ஓர்ஸ்ஹில்: ஒன்பது வயதினருக்குச் சுழல் பாஸ் (பந்தைச் சுழற்றி எறிவது) கற்பிக்கலாமா?

பதில்: வேண்டாம். நான்கைந்து மீற்றருக்குச் சுழலாத பந்துதான் பிடிக்க இலகு. அந்த வயதுக்குரிய 3ஆம் இலக்கச் சிறிய பந்தைத்தானே கொடுக்கிறீர்கள்?

மீண்டும் ஓர்ஸ்ஹில்: தொலைக்காட்சியில் எல்லோரும் சுழற்றுகிறார்களே, இப்போதே பழகாவிட்டால் பிந்திவிடாதா?

பதில்: பிந்தாது. ஸ்க்ரம் ஹாஃப், அதாவது முன்வரிசைக் கூட்டத்திலிருந்து பந்தை எடுத்து வெளியே கொடுப்பவன், தூரத்தில் நிற்பவனுக்கு எறிவதால் பந்து தள்ளாடாதிருக்கச் சுழற்றுகிறான். பக்கத்தில் நிற்கும் தோழனுக்கு அது எதற்கு? மணிக்கட்டை முறுக்கவே முனையும் பிள்ளை, தனக்கு வசதியான ஒரு பக்கத்துக்கு மட்டும் எறியப் பழகி, மறுபக்கம் தோழன் மறிப்பாரின்றி நின்றாலும் பந்தைக் கொடுக்காமல் மோதப் போவதை நான் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன்.

நிலாவெளி: நாங்கள் சிறு வயதிலேயே சுழற்றித்தான் பழகினோம், கெட்டுப் போகவில்லை.

பதில்: நீங்கள் எறிந்ததைச் சொல்கிறீர்கள்; பிடித்தவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சீனக்குடா: எடை கூட எந்தப் புரத மா நல்லது?

பதில்: இன்று இது நான்காவது தடவை. சோறு, பருப்பு, மீன், முட்டை. மேற்கொண்டு வைத்தியரைக் கேளுங்கள்.

கிண்ணியா: தலையில் அடிபட்டுத் தடுமாறியவன் ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிட்டான். தலைக்கவசம் அணிவித்து இறக்கலாமா?

பதில்: கூடாது. அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது, வைத்தியரிடம் காட்டுங்கள். அந்த மென்கவசம் காதையும் தோலையும் காக்கும், மூளை அதிர்ச்சியைத் தடுக்காது.

பாலையூற்று: என் மகன் வலத் தோளால் மட்டுமே பிடிக்கிறான். பிழையா?

பதில்: இடமிருந்து வலமாக ஓடுபவனை அப்படிப் பிடித்தால் தலை பின்புறம் போகும், நல்லது. வலமிருந்து இடமாக ஓடுபவனிடம் அதே தோளைக் கொடுத்தால் தலை அவன் முழங்காலுக்கு முன்னால் போய் நிற்கும். நாளையே முழந்தாளிட்டு, இடத் தோளால் மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள்.