அறுபது தளங்களின் பிளகின்களை ஒரே இடத்திலிருந்து அப்டேட் செய்வது எப்படி?

கேள்வி: எங்கள் நிறுவனத்துக்கு 60-க்கும் மேற்பட்ட வேர்ட்பிரஸ் தளங்கள் இருக்கின்றன. பிராண்டுக்கு ஒன்று, விளம்பரத்துக்கு ஒன்று என்று வருடக்கணக்கில் சேர்ந்தவை. சில எங்கள் சர்வரில், சில வெளி ஏஜென்சிகளிடம். ஒவ்வொன்றாக லாகின் செய்து அப்டேட் செய்வது கட்டுப்படியாகாமல் ஆட்டோ அப்டேட்டைப் போட்டுவிட்டோம். இரண்டு தளங்களில் தொடர்புப் படிவம் வேலை செய்யாமல் போனது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்க எந்தக் கருவியை வாங்கலாம்?

பதில்: கருவிக்கு அப்புறம் வருவோம். உங்களுக்கு முதலில் வேண்டியது ஒரு பட்டியல். எந்தத் தளத்தில் எந்த பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் நிரல்), எந்தப் பதிப்பு, ஓடுகிறதா சும்மா கிடக்கிறதா, இலவசமா காசு கொடுத்து வாங்கியதா, யார் கேட்டுப் போட்டது. சர்வரில் கமாண்ட் லைன் அனுமதி இருந்தால், வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ மூலம் பெயர், நிலை, பதிப்பு, காத்திருக்கும் அப்டேட் ஆகியவற்றை எல்லாத் தளங்களிலிருந்தும் ஒரே மூச்சில் எடுத்துவிடலாம். 'யார் கேட்டது' என்பதை மட்டும் ஆளைப் பிடித்துத்தான் நிரப்ப வேண்டும். கேட்ட ஆளே தெரியாத பிளகின்தான் நீக்குவதற்கு முதல் வேட்பாளர்.

பட்டியல் கையில் வந்ததும் படிவத்துக்கே நாலு விதமான பிளகின் இருப்பது அநேகமாகத் தெரியவரும். இதை அப்படியே வைத்துக்கொண்டு எந்தக் கருவி வாங்கினாலும் பிரயோசனமில்லை. ஒரு வேலைக்கு ஒரு பிளகின் என்று குறையுங்கள். நிறுத்தி வைத்திருப்பவற்றை அழித்தே விடுங்கள். நிறுத்தினாலும் கோப்புகள் சர்வரில்தான் இருக்கும். 2020-இல் 'ஃபைல் மேனேஜர்' பிளகினில் வெளிவந்த ஓட்டையில், லாகின் எதுவும் இல்லாமல் ஒரு கோப்பை நேரடியாகக் கூப்பிட்டே சர்வரில் எதையும் ஏற்ற முடிந்தது. அப்படிப்பட்ட ஓட்டைக்கு பிளகின் நிறுத்தப்பட்டிருப்பது ஒரு தடையே இல்லை.

தீமோடு (தளத்தின் தோற்றத்துக்கான வார்ப்பு) சேர்ந்து வந்த பிளகின்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு அப்டேட் பெரும்பாலும் தீம் தயாரிப்பாளர் வழியாகத்தான் வரும். 2014-இல் 'ஸ்லைடர் ரெவல்யூஷன்' ஓட்டை வெளியானபோது, தங்கள் தளத்தில் அது இருப்பதே பலருக்குத் தெரியாது, தீமுக்குள் ஒளிந்திருந்தது. கட்டாய பிளகின்களுக்கான எம்யூ-பிளகின்ஸ் கோப்புறையையும் கண்ணால் ஒருமுறை பாருங்கள். அதில் இருப்பவற்றுக்கு அப்டேட் அறிவிப்பே வராது.

சரி, கருவி. வெளி ஏஜென்சிகளிடம் இருக்கும் தளங்களுக்கு ஒரு மத்திய டாஷ்போர்டு போதும். மெயின்டபிள்யூபி, மேனேஜ்டபிள்யூபி இரண்டும் இந்த வேலையைச் செய்பவை. ஒவ்வொரு தளத்திலும் ஒரு இணைப்பு பிளகினைப் போட்டுவிட்டால் அப்டேட், பேக்கப் எல்லாம் ஒரே திரையில் வந்துவிடும். மெயின்டபிள்யூபியை உங்கள் சொந்த சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். மேனேஜ்டபிள்யூபி அவர்களுடைய சேவையில் ஓடுவது. நிறுவனம் என்றால் என் ஓட்டு சொந்த சர்வருக்குத்தான்.

உங்கள் சர்வரில் ஓடும் தளங்களுக்கு, டெவலப்பர்கள் கையில் இருந்தால், பிளகின்களைப் பட்டியல்படி நிறுவித்தரும் கம்போசரைத்தான் நான் சொல்வேன். எந்த பிளகின், எந்தப் பதிப்பு என்பது ஒரு லாக் கோப்பில் எழுதப்பட்டு, மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் (Git) கருவியில் இருக்கும். அட்மின் பக்கத்திலிருந்து யாரும் எதையும் நிறுவவோ மாற்றவோ முடியாதபடி கோப்பு மாற்றங்களைப் பூட்டிவிடுவீர்கள். அப்டேட் என்பது அந்த லாக் கோப்பில் சில வரிகள் மாறுவது; யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பது வரலாற்றில் நிற்கும். ஆரம்பத்தில் வேலை அதிகம்தான், காசு கொடுத்து வாங்கிய பிளகின்களுக்குச் சொந்தக் களஞ்சியமும் அமைக்க வேண்டும். ஆனால் ஆறு மாதம் கழித்து "இந்தத் தளத்தில் என்ன ஓடுகிறது?" என்று தணிக்கைக்காரர் கேட்டால் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரே வேர்ட்பிரஸில் பல தளங்களை ஓட்டும் மல்ட்டிசைட்டுக்கு மாறலாமா என்று கேட்பீர்கள். கோப்பு ஒரே பிரதி என்பதால் ஒரு அப்டேட் எல்லாத் தளங்களுக்கும் போய்விடும். கெட்டுப்போனாலும் எல்லாம் சேர்ந்தே போகும். இதற்காக மட்டும் மாறாதீர்கள்.

இனி உங்கள் படிவத்தின் கதை. 2024 ஜூலையில் வந்த வேர்ட்பிரஸ் 6.6 முதல், ஆட்டோ அப்டேட் செய்த பிளகினால் பிஎச்பி ஃபேட்டல் எரர் (நிரலே பாதியில் நின்றுபோகும் பிழை) வந்தால் பழைய பதிப்புக்குத் தானாகவே திரும்பிவிடும். நல்ல வசதிதான், ஆனால் உங்களுக்கு உதவியிருக்காது. படிவம் திரையில் ஒழுங்காக வந்திருக்கும், "நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம்" என்றும் சொல்லியிருக்கும், மின்னஞ்சல் மட்டும் போயிருக்காது. ஃபேட்டல் எரர் இல்லை, பக்கமும் திறக்கிறது. தளம் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் எந்த மானிட்டரும் இதற்குப் பச்சை விளக்குத்தான் காட்டும்.

ஆகவே படிவம் தன் வேலையை முடிக்கிறதா என்பதையே சோதிக்க வேண்டும். பிரவுசரைத் தானாக இயக்கும் பிளேரைட் போன்ற கருவியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுங்கள். அது படிவத்தைத் திறக்கும், பெயர் கட்டத்தில் 'சோதனை' என்றும் அன்றைய தேதியும் போட்டு அனுப்பும், பிறகு இதற்கென்றே வைத்த அஞ்சல்பெட்டியில் அதே வரி வந்து சேர்ந்ததா என்று பார்க்கும். பத்து நிமிடத்தில் வராவிட்டால் எச்சரிக்கை. அப்டேட் முடிந்ததும் மட்டுமல்ல, தினமும் ஓடட்டும். படிவம் கெடுவதற்கு பிளகின் அப்டேட் ஒன்றுதான் காரணம் என்பதில்லை. கேப்ச்சா இருந்தால் இந்தச் சோதனைக்கு மட்டும் ஒரு விலக்கு கொடுக்க வேண்டியிருக்கும். பக்கத்தின் தோற்றம் குலைந்ததைப் பிடிக்க, முன்பும் பின்பும் எடுத்த ஸ்கிரீன்ஷாட்களை ஒப்பிடும் பேக்ஸ்டாப் ஜேஎஸ் போதும்.

அப்டேட்டை ஒரே நாளில் அறுபதுக்கும் தள்ளாதீர்கள். முதலில் ஸ்டேஜிங், அதாவது சோதனைக்கென்று வைத்த பிரதி. அடுத்து, கெட்டாலும் பெரிதாக நஷ்டமில்லாத நாலைந்து தளங்கள். இரண்டு நாள் சத்தமில்லை என்றால் மற்றவை. பணம் புழங்கும் தளங்கள் கடைசியில், அதுவும் ஆள் இருக்கும் நேரத்தில். வெள்ளிக்கிழமை மாலை வேண்டவே வேண்டாம்.

ஆனால் பாதுகாப்பு ஓட்டைக்கு இந்த ஆற அமர நடக்கும் வரிசை பொருந்தாது. 2024 நவம்பரில் 'ரியலி சிம்பிள் செக்யூரிட்டி' பிளகினில், இரட்டைச் சரிபார்ப்பு வசதியிலேயே ஓட்டை. அந்த வசதியைப் போட்டிருந்த தளங்களில் பாஸ்வேர்டே இல்லாமல் அட்மினாக நுழைய முடிந்தது. 40 லட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் இருந்த பிளகின் அது. வேர்ட்பிரஸ் தரப்பே கட்டாய அப்டேட்டைத் தள்ளியது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கோப்பு மாற்றங்களைப் பூட்டிய தளங்களுக்கு இந்தக் கட்டாய அப்டேட்டும் வந்து சேராது. பூட்டினீர்கள் என்றால் அந்த வேகமும் உங்கள் பொறுப்புதான். வேர்ட்ஃபென்ஸ், பேட்ச்ஸ்டாக், டபிள்யூபிஸ்கேன் வெளியிடும் ஓட்டை அறிவிப்புகளை உங்கள் பட்டியலோடு தினமும் தானாக ஒப்பிட ஏற்பாடு செய்யுங்கள். பொருந்தியது என்றால் ஸ்டேஜிங்கில் ஒரு பார்வை, அன்றே எல்லாத் தளங்களுக்கும். வார இறுதியில் இந்த முடிவை எடுக்கும் அதிகாரம் யாருக்கு என்று இப்போதே எழுதி வையுங்கள்.

திரும்பப் போவது பற்றி. பழைய கோப்பை வைப்பது சுலபம், டேட்டாபேஸ் அப்படியல்ல. ஆன்லைன் கடைக்கான வூகாமர்ஸ் போன்ற பெரிய பிளகின்கள் அப்டேட்டின்போது டேட்டாபேஸையும் மாற்றும். கோப்பை மட்டும் பின்னுக்கு இழுத்தால் பழைய நிரல் புதிய டேட்டாபேஸோடு மல்லுக்கட்டும். பேக்கப்பிலிருந்து டேட்டாபேஸை மீட்டால், இடையில் வந்த ஆர்டர்கள் போய்விடும். அதனால் கடைத் தளங்களுக்கு அப்டேட்டுக்குச் சற்று முன்பு எடுத்த பேக்கப் வேண்டும், அந்தச் சில நிமிடங்கள் ஆர்டர் வாங்குவதை நிறுத்தியும் வையுங்கள்.

உங்களைப் போன்றவர்களிடம் அடிக்கடி விட்டுப்போகும் இரண்டு சின்ன விஷயங்கள். வேர்ட்பிரஸின் உள் கிரான் (குறித்த நேரத்து வேலைகளைத் தானாக ஓட்டும் ஏற்பாடு), தளத்துக்கு யாராவது வந்தால்தான் ஓடும். பழைய விளம்பரத் தளங்களுக்கு யாரும் வருவதில்லை என்பதால் ஆட்டோ அப்டேட் போட்டிருந்தாலும் அவை பின்தங்கியே கிடக்கும். சர்வர் கிரானில் இணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தளத்தையே மூடுங்கள். இரண்டாவது, லைசென்ஸ். காசு கொடுத்த பிளகின்களுக்கு லைசென்ஸ் முடிந்தால் பெரும்பாலும் அப்டேட்டும் நின்றுவிடும், டாஷ்போர்டில் எல்லாம் சரியாக இருப்பதுபோலவும் தெரியலாம். வாங்கியவரின் சொந்த மின்னஞ்சலில் இருக்கும் லைசென்ஸ்களை ஒரு பொது முகவரிக்கு மாற்றி, முடியும் தேதியையும் அதே பட்டியலில் சேருங்கள்.

மத்திய டாஷ்போர்டு கைமாறினால் அறுபது தளங்களும் கைமாறும். அதைப் பொதுத் தளம் ஓடும் சர்வரில் வைக்காதீர்கள். நிறுவன நெட்வொர்க்கிலிருந்து மட்டும் திறக்கட்டும், இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம், ஆளுக்கொரு கணக்கு. ஒரு ஏஜென்சியோடு ஒப்பந்தம் முடிந்தால், அந்தத் தளத்தின் இணைப்பு பிளகினையும் அவர்களுடைய அட்மின் கணக்குகளையும் அன்றைக்கே நீக்கிவிடுங்கள்.