நெருஞ்சில் தூள் போட்டால் திலேப்பியா எடை ஏறுமா?

கேள்வி: எங்கள் குளத்துத் திலேப்பியா 50 கிராம் எடைக்கு வந்துவிட்டது. தீவனத்தில் நெருஞ்சில் தூள் கலந்தால் ஹார்மோன் போல வேலை செய்து சீக்கிரம் எடை ஏறும் என்கிறார்கள். எவ்வளவு கலக்கலாம்?
– வாசகர், ஒரத்தநாடு

பதில்: இப்போது கலக்காதீர்கள், பணம்தான் வீண். நெருஞ்சிலில் இருப்பவை புரோட்டோடயோசின் போன்ற ஸ்டீராய்டு சப்போனின்கள் (நீரில் நுரைக்கும் தாவரப் பொருட்கள்). குஞ்சுப் பருவத்தில் கொடுத்தால் ஆண் மீன்கள் அதிகமாகின்றன. எடை கூடுவது பெரும்பாலும் அதனால்தான். பெண் திலேப்பியா தின்பதை முட்டையாக்கிவிடும். முட்டையை வாயில் வைத்து அடைகாக்கும் நாட்களில் சரியாகத் தின்னவும் தின்னாது. போதாததற்கு, குளம் முழுக்கப் பொடிக்குஞ்சு பெருகித் தீவனத்தைப் பங்கு போடும். ஆனால் குஞ்சு தின்னத் தொடங்கிய மூன்று, நான்கு வாரத்துக்குள் ஆணா பெண்ணா என்பது நிலைத்துவிடும். 50 கிராம் மீனில் இனி மாற்ற எதுவும் இல்லை.

குஞ்சுத் தொட்டியில் சோதிப்பதானால், ஆய்வுகளில் பலன் தெரிந்த அளவு கிலோ தீவனத்துக்குச் சுமார் 2 கிராம். காய்ந்த நெருஞ்சில் காயை அரைத்து மெல்லிய துணியில் சலியுங்கள். தூளை ஆறிய கஞ்சியில் குழைத்து, தீவனத்தோடு பிசறி, நிழலில் உலர்த்துங்கள். வெறும் தூளாகக் கலந்தால் பாதி தண்ணீரோடு போய்விடும். ஒரே வயதுக் குஞ்சுகளை இரண்டு ஹாப்பாவில் (குளத்தில் கட்டும் வலைப் பெட்டி) விட்டு, ஒன்றுக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். அளவை மட்டும் இஷ்டத்துக்குக் கூட்டாதீர்கள். களை மீனைக் கொல்ல இலுப்பைப் புண்ணாக்குப் போடுகிறோமே, அங்கே கொல்வதும் ஒரு வகைச் சப்போனின்தான்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் முழுக்க ஆண் குஞ்சாக வராது. மிஞ்சும் பெண் மீன்களே குளத்தை நிரப்பப் போதும். அதனால் அனுமதி பெற்ற பொரிப்பகத்தில் ஒருபால் (ஆண்) குஞ்சு வாங்குவதையே சொல்வேன்.

கேள்வி: கட்லா, ரோகுவுக்கு வெந்தயத் தூள் கொடுக்கலாமா?
– வாசகர், சீர்காழி

பதில்: கொடுக்கலாம், கிலோ தீவனத்துக்கு 10 கிராமுக்குள். பசியையும் செரிமானத்தையும் கொஞ்சம் தூண்டும். அதிகமானால் அதிலுள்ள கோந்து செரிமானத்தை மந்தமாக்கும். ஆனால் ஆண் மீனாக்கிக் கிடைக்கும் லாபத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். இந்த மீன்கள் தேங்கிய குளத்தில் முட்டையிடுவதில்லை. வளர்ச்சி குறைந்தால் முதலில் குளத்தில் தொங்கவிடும் தீவனப் பையில் துளை சரியாக இருக்கிறதா, மாலைக்குள் பை காலியாகிறதா என்று பாருங்கள். மிச்சம் இருந்தால், விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறதா என்று கவனியுங்கள். பிளந்தால் குறை ஆக்சிஜனில்தான்.